தோல் வழியே எவ்வளவு மெக்னீசியம்?

மெக்னீசியம் குளோரைடு செதில் 100 கிராம் எடுத்துக் கண்ணாடிப் பாத்திரத்தில் போட்டு, கொதிக்கவைத்த தண்ணீரும் அதே எடைக்கு ஊற்றிக் கலக்கி, ஆறியதும் ஸ்ப்ரே பாட்டிலில் அடைத்துவிட்டால் வேலை முடிந்தது. அடுப்படிப் பழக்கம் இல்லாதவருக்கும் கால் மணி நேரத்துக்கு மேல் ஆகாது. இந்தக் கரைசலைப் படுக்கப்போகுமுன் கையிலும் காலிலும் பத்துமுறை அடித்துத் தேய்த்துக்கொண்டால் கெண்டைக்கால் இழுத்துப் பிடிப்பது நிற்கும், நல்ல தூக்கம் வரும், உடம்பு வலி குறையும் என்கிறார்கள். உடலில் குறைந்துபோன மெக்னீசியம் தோல் வழியாக இறங்கி, ரத்தத்தில் கலந்து, குறையை நிரப்பிவிடுகிறது என்பதே எல்லாவற்றுக்கும் சொல்லப்படும் காரணம். மாத்திரை வயிற்றைக் கலக்கும், தோலுக்கு அந்த வம்பு இல்லை என்பது கூடுதல் கவர்ச்சி. இதைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் ‘தோல் வழியாக மெக்னீசியம் போகுமா, போகாதா’ என்ற கட்சிச் சண்டையாக முடிந்துவிடுகிறது. ‘கொஞ்சம் போகலாம்’ என்று ஒருவர் சொன்னால் இரு தரப்பும் தாங்கள் ஜெயித்ததாக எண்ணிக்கொண்டு எழுந்து போகலாம். கேட்கவேண்டிய கேள்வி, எவ்வளவு போகும் என்பது. அதைக் கேட்டுக் கணக்குப் போட ஆரம்பித்தால் இந்த ஸ்ப்ரேயின் தகுதியும் தகுதியின்மையும் தனித்தனியே தெரியவரும்.

முதலில் பாட்டிலில் இருப்பது என்ன என்று பார்க்கலாம். கடைகளில் இதை ‘மெக்னீசியம் எண்ணெய்’ என்று விற்கிறார்கள். எண்ணெய் ஒரு சொட்டும் இல்லை; வெறும் உப்புக் கரைசல். ஆனாலும் விரலில் தொட்டால் வழுவழுப்பாக இருக்கும், துடைக்காவிட்டால் தோலில் பிசுபிசுவென்று நிற்கும். அடைமழைக் காலத்தில் கல் உப்பு ஜாடியைத் திறந்தால் அடியில் நீர் கோத்துக் கிடக்கும் அல்லவா, அதற்குப் பெரும்பங்கு காரணம் இதே மெக்னீசியம் குளோரைடுதான். சுத்தமான சோடியம் குளோரைடு, காற்றில் ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தாண்டினால்தான் நீர் இழுக்கும். மெக்னீசியம் குளோரைடுக்கு 33 விழுக்காடு போதும். காற்றின் ஈரப்பதம் அதற்கும் கீழே போனாலொழிய இந்தக் கரைசல் முழுதாக உலராது. வெப்பமூட்டி ஓடும் குளிர்நாட்டு அறையில் அது காய்ந்து வெள்ளைத் தூளாகப் படியக்கூடும்; சென்னையிலோ கொழும்பிலோ ராத்திரி முழுக்கக் காலில் ஈரமாகவே இருக்கும். ‘தோல் குடித்துவிட்டது’ என்று சிலர் சொல்வதும், ‘ஒட்டிக்கொண்டே இருக்கிறது’ என்று வேறு சிலர் சொல்வதும் பெரிதும் அந்தந்த ஊர்க் காற்றைப் பற்றிய சேதிகள். செதிலுக்குப் பதில் எப்சம் உப்பைப் போட்டுச் செய்கிறவர்களும் உண்டு. அது மெக்னீசியம் சல்ஃபேட், பழைய பெயரில் பேதியுப்பு. காற்றில் ஈரம் 90 விழுக்காட்டை ஒட்டி இருந்தாலன்றி அது உலர்ந்துவிடும் என்பதால் நம் ஊரிலும் தோலில் பொரிப்பொரியாக உப்புப் படியும்.

செதில் எங்கிருந்து வருகிறது என்பதில் மர்மம் எதுவும் கிடையாது. ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 1.3 கிராம் மெக்னீசியம் இருக்கிறது. தூத்துக்குடி உப்பளத்துப் பாத்தியில் சாப்பாட்டு உப்பு விளைந்து அதை வாரிய பிறகு எஞ்சும் கசப்பு நீரில் இந்த மெக்னீசியம்தான் செறிந்து நிற்கும். ஜப்பானில் அதே கசப்பு நீரை எடுத்துச் சோயாப் பாலைத் திரித்து டோஃபு செய்கிறார்கள். வட ஐரோப்பாவின் அடியில் சுமார் 25 கோடி ஆண்டுகளுக்கு முன் வற்றிப்போன செக்ஸ்டைன் கடலின் படிவிலிருந்து எடுத்த செதில் என்றால் விலை ஒரு படி ஏறும். உப்பின் வயதுக்குக் காசு கொடுக்கிறோமே தவிர, அந்த மெக்னீசிய அயனிக்கும் பாத்தி அயனிக்கும் வேதியியலில் வேறுபாடு இல்லை. வேறுபாடு வருவது தூய்மையில். அதைப் பிறகு பார்ப்போம்.

இப்போது கணக்கு. செதில் என்பது மெக்னீசியம் குளோரைடோடு ஆறு நீர் மூலக்கூறுகள் சேர்ந்த படிகம். அதன் எடையில் 12 விழுக்காடுதான் மெக்னீசியம். 100 கிராம் செதிலில் 12 கிராம். அதே எடை தண்ணீரில் கரைத்தால் ஏறத்தாழ 165 மில்லி கரைசல் கிடைக்கும். ஒரு மில்லியில் 70 மில்லிகிராமுக்குச் சற்று மேல். ஸ்ப்ரே மூடியை ஒருமுறை அழுத்தினால் மில்லியில் பத்தில் ஒரு பங்கோ அதைவிடச் சற்று அதிகமோ வரும். ஆகப் பத்து அழுத்துக்கு சுமார் 80 மில்லிகிராம் மெக்னீசியம் தோலின்மேல் விழுகிறது. ஐ.சி.எம்.ஆர். 2020இல் வெளியிட்ட பரிந்துரைப்படி ஓர் ஆணுக்கு ஒரு நாளைக்கு 440 மில்லிகிராமும் பெண்ணுக்கு 370 மில்லிகிராமும் உணவில் இருக்கவேண்டும். உணவிலிருந்து குடல் எடுத்துக்கொள்வது 30 முதல் 40 விழுக்காடு என்பதால், உண்மையில் ரத்தத்துக்குள் போகவேண்டியது 130இலிருந்து 175 மில்லிகிராம் வரை என்று வைத்துக்கொள்ளலாம். தோலில் விழுந்த 80இல் ஒரு பொட்டு விடாமல் உள்ளே போனால்கூடப் பாதித் தேவைதான் ஆகும். பத்தில் ஒரு பங்கு போனால் 8 மில்லிகிராம். நூறில் ஒரு பங்கு என்றால் ஒரு மில்லிகிராமுக்கும் குறைவு. அளவுதான் இங்கே விவகாரம் என்று சொன்னது இதற்காகத்தான்.

மறுபக்கத்தையும் வைத்துப் பார்க்கவேண்டும். வளர்ந்த மனித உடம்பில் சுமார் 25 கிராம் மெக்னீசியம் இருக்கிறது. பாதிக்கு மேல் எலும்பில், மிச்சத்தில் பெரும்பகுதி தசையிலும் மற்ற மென்திசுக்களிலும். ரத்தத்தில் ஓடுவது ஒரு விழுக்காட்டுக்கும் குறைவு. சிறுநீரகம் ஒரு நாளில் ஏறக்குறைய 2,400 மில்லிகிராமை வடிகட்டி, 95 விழுக்காட்டுக்கு மேல் திரும்ப எடுத்துக்கொண்டு, நூறு மில்லிகிராம் அளவுக்கு வெளியே விடுகிறது. வரவு குறைந்தால் வெளியே விடுவதைச் சுருக்கும், கூடினால் தாராளமாகத் திறந்துவிடும். இத்தனை பெரிய போக்குவரத்தின் நடுவே தோல் வழியாக வரும் சில மில்லிகிராம் எந்தக் குறையையும் நிரப்பாது. ரத்தப் பரிசோதனையில் அது கண்ணில் படுவதுகூடக் கடினம்.

தோல் ஏன் இவ்வளவு கறாராக இருக்கிறது? அதன் மேலடுக்கு பத்திலிருந்து இருபது மைக்ரான் தடிமன்தான், ஒரு தலைமுடியின் பருமனைவிடக் குறைவு. ஆனால் அதில் பதினைந்து இருபது வரிசை இறந்த செல்கள் செங்கல்போல் அடுக்கப்பட்டு, இடையிடையே செரமைடும் கொலஸ்டிராலும் கொழுப்பு அமிலங்களும் பூச்சாக நிரம்பியிருக்கின்றன. கொழுப்பில் கரையும் பொருளுக்கு அந்தப் பூச்சு வழி. மின்னேற்றம் உள்ள அயனிக்கு அது சுவர். உள்ளே இருக்கும் நீரும் உப்பும் வெளியே கசியாமலும், வெளியே இருப்பவை உள்ளே வராமலும் காப்பதற்காகவே இந்த அடுக்கு இருக்கிறது. கடலில் ஒரு மணி நேரம் நீந்திய மனிதன் உப்புக்கண்டமாகிவிடாமல் கரையேறுவதற்கு இதுவே காரணம். வியர்வை வழியாக உப்புகள் வெளியேறுகின்றனவே, அப்படியானால் உள்ளேயும் வரலாம் என்று வாதிப்பவர்கள், வியர்வைச் சுரப்பி உள்ளிருந்து வெளியே தள்ளும் உறுப்பு என்பதை மறந்துவிடுகிறார்கள்.

இதற்கு ஸ்ப்ரே தரப்பின் முதல் மறுப்பு வலுவானது போலத் தோன்றும். மூலக்கூறு எடை 500 டால்டனுக்குக் கீழே இருந்தால் தோலைக் கடக்க முடியும் என்று தோல் மருத்துவத்தில் ஒரு கைவிதி உண்டு. போஸ், மெய்னார்டி என்ற இருவர் 2000ஆம் ஆண்டில் அதை முன்வைத்தார்கள். மெக்னீசியத்தின் எடையோ வெறும் 24. ஆக, தாராளமாகப் போகுமே? இங்கே இரண்டு விஷயங்கள் விட்டுப்போகின்றன. 500க்கு மேல் இருந்தால் கடப்பது அரிது என்றுதான் அந்த விதி சொல்கிறது. கீழே இருந்தால் எல்லாம் கடந்துவிடும் என்று அது சொல்லவில்லை. கொழுப்பில் கரையும் தன்மையும் கூடவே வேண்டும். இரண்டாவது, நீரில் மெக்னீசிய அயனி தனியாக இருப்பதே இல்லை. இரண்டு நேர்மின்னேற்றம் அவ்வளவு சின்ன அயனியில் திரண்டிருப்பதால் சுற்றிலும் ஆறு நீர் மூலக்கூறுகளை இறுக்கிப் பிடித்துக்கொள்கிறது, அவற்றுக்கு வெளியே இன்னொரு வளையமும் சேர்கிறது. அந்த நீர் உறையோடு சேர்த்துப் பார்த்தால் அதன் கன அளவு தனி அயனியைப்போல் சுமார் 400 மடங்கு. கால்சியம் தன்னைச் சுற்றிய நீரை நொடிக்குக் கோடிக்கணக்கான முறை உதறி மாற்றிக்கொள்ளும். மெக்னீசியத்துக்கு அந்த வேகத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குதான். உறையைக் கழற்றவும் மனமில்லாத, உறையோடு கொழுப்பில் நுழையவும் முடியாத அயனி இது. நம் செல்கள்கூட மெக்னீசியத்தை உள்ளே விடத் தனிப் புரதக் கால்வாய்களை வைத்திருக்கின்றன. இறந்த செல்களால் ஆன மேல்தோலில் அப்படி எதுவும் வேலை செய்வதில்லை.

அதற்காகக் கதவு முழுக்க அடைத்திருக்கிறது என்றும் சொல்லமுடியாது. மயிர்க்கால்கள் இருக்கின்றன. ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016இல் வெளியிட்ட ஆய்வில், அறுவை சிகிச்சையில் அகற்றிய மனிதத் தோலை எடுத்து அதன்மேல் மெக்னீசியம் குளோரைடு கரைசலை வைத்து அளந்தார்கள். கரைசல் செறிவாக இருந்தால், நேரம் கூடினால், ஊடுருவல் கூடியது. மயிர்க்கால்களை அடைத்துவிட்டபோது குறைந்தது. ஆகவே ஒரு வழி உண்டு. ஆனால் முன்கையில் மயிர்க்கால் துளைகள் எல்லாவற்றையும் கூட்டினாலும் தோல் பரப்பில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுதான் வரும். ரத்த ஓட்டமும் சிறுநீரகமும் இல்லாத ஒரு தோல் துண்டில் ஊடுருவல் தெரிந்தது என்பதிலிருந்து, ஓர் ஆளின் உடல் இருப்பு உயர்ந்தது என்ற முடிவுக்குப் பாய்வது நீளமான தாவல். அந்த ஆய்வை விளம்பரத்தில் எடுத்துக்காட்டுகிறவர்கள் ‘ஊடுருவும்’ என்ற சொல்லோடு நிறுத்திக்கொள்வதைக் கவனிக்கலாம்.

ஆய்வகத்தை விட்டு வெளியே வந்தால் இதற்கு இயற்கையே ஒரு சோதனை நடத்தி வைத்திருக்கிறது. சாக்கடலில் ஒரு லிட்டருக்கு 40 கிராமுக்கு மேல் மெக்னீசியம், சாதாரணக் கடலைப்போல் முப்பது மடங்குக்கும் அதிகம். ஆண்டுதோறும் லட்சக்கணக்கானவர்கள் அதில் கழுத்துவரை இறங்கி, உடம்பின் ஏறக்குறைய முழுத் தோலையும் நனைத்துக்கொண்டு, கால் மணி, அரை மணி என்று மிதக்கிறார்கள். அவர்கள் துண்டை உதறிப் போர்த்திக்கொண்டு சாப்பிடப் போய்விடுகிறார்கள். அதே நீரில் தவறிக் கவிழ்ந்து விழுங்கிவிட்டவர்களின் கதை வேறு: ரத்தத்தில் மெக்னீசியமும் கால்சியமும் அபாய அளவுக்கு எகிறி, இதயத் துடிப்பு தடுமாறி, தீவிர சிகிச்சைக்குக் கொண்டுவரப்படுகிறார்கள். அந்தப் பகுதிக்கு அருகில் இருக்கும் பீர்ஷேபா நகரின் சொரோக்கா மருத்துவமனை மருத்துவர்கள் இதை ஒரு தனி நோய்நிலையாகவே மருத்துவ இதழ்களில் பதிவு செய்திருக்கிறார்கள். ஒரே நீர், ஒரே உப்பு. வயிற்றுக்குள் போன சில மிடறு செய்ததைத் தோலின்மேல் கிடந்த ஒரு கடல் செய்யவில்லை. ஆரோக்கியமான சிறுநீரகம் சிறு வரவை ஓசையில்லாமல் கழித்துவிடும் என்பதால், தோல் வழியாகத் துளியும் போகவில்லை என்று இதை வைத்துச் சாதிக்க முடியாது. பெரிய அளவில் போகவில்லை என்பதற்கு இதைவிடக் கண்கூடான சான்று தேடவும் வேண்டாம்.

மருத்துவமனையின் நடைமுறையும் இதையே சொல்கிறது. கர்ப்பகால ரத்த அழுத்தம் முற்றி வலிப்பு வரும் நிலையில் தாயைக் காப்பாற்றுவது மெக்னீசியம் சல்ஃபேட். 1995இல் வெளிவந்த பன்னாட்டு ஆய்வும் 2002இல் வந்த மேக்பை ஆய்வும் அதன் இடத்தை உறுதிசெய்துவிட்டன. அதை நரம்பில் ஏற்றுகிறார்கள். சில முறைகளில் இரண்டு பிட்டத்திலும் ஐந்தைந்து கிராம் தசையில் போடுகிறார்கள், நல்ல வலி எடுக்கும் ஊசி. பிறகு முழங்கால் அனிச்சை இருக்கிறதா, மூச்சு ஒழுங்காக ஓடுகிறதா, சிறுநீர் போகிறதா என்று மணிக்கு மணி பார்க்கிறார்கள். தேய்த்தால் உள்ளே போகும் என்றால் அந்தத் தாயை இப்படிக் குத்தவேண்டிய தேவை இருந்திருக்காது.

மனிதர்களிடம் நேரடியாகச் சோதித்த ஆய்வுகள் உண்டா என்றால் உண்டு, ஆனால் சொற்பம். எல்லோரும் எடுத்துக்காட்டும் பர்மிங்காம் பல்கலைக்கழகக் குளியல் ஆய்வில் 19 பேர் எப்சம் உப்புக் கரைத்த தொட்டியில் குளித்தார்கள். ரத்தத்தில் மெக்னீசியம் சற்று உயர்ந்தது. வெறும் வெந்நீரில் குளித்த ஓர் ஒப்பீட்டுக் குழு அதில் இல்லை, எந்த ஆய்விதழிலும் அது வெளியாகவில்லை. அதைப் பரப்பியது எப்சம் உப்பு வணிகத்தைச் சார்ந்த ஓர் அமைப்பு. இன்னொன்றில் ஒன்பது பேர் பன்னிரண்டு வாரம் ஸ்ப்ரே அடித்துக்கொண்டும் காலை உப்பு நீரில் ஊறவைத்தும் வந்தார்கள். பயன் தெரிந்ததற்கு முக்கியச் சான்றாகக் காட்டியது தலைமுடியில் மெக்னீசிய அளவு. உப்புக் கரைசலை நாள்தோறும் கையாளும் ஒருவரின் முடியில் அந்த உப்பு வெளியிலிருந்தே ஒட்டியிருக்கலாமே என்ற கேள்விக்கு அங்கே பதில் இல்லை. அமெரிக்காவின் மேயோ கிளினிக் 2015இல் வெளியிட்டது இவற்றைவிட ஒழுங்கான ஆய்வு. ஃபைப்ரோமையால்ஜியா என்ற நாட்பட்ட உடல்வலி உள்ள 40 பெண்கள் சேர்ந்தார்கள், 24 பேர் முடித்தார்கள், நான்கு வாரத்தில் வலி குறைந்ததாகச் சொன்னார்கள். அதிலும் ஒப்பீட்டுக் குழு இல்லை. செய்து பார்க்க முடியுமா என்று அறியும் முன்னோட்டம் என்று ஆய்வாளர்களே சொல்லிவிட்டார்கள்.

இருப்பவற்றில் முறையானது பிரிட்டனின் ஹெர்ட்ஃபோர்ட்ஷயர் பல்கலைக்கழகத்தில் நடந்து 2017இல் வெளியானது. 25 பேரில் ஒரு பகுதியினருக்கு நாளொன்றுக்கு 56 மில்லிகிராம் மெக்னீசியம் உள்ள கிரீம், மற்றவர்களுக்கு அது இல்லாத கிரீம், இரண்டு வாரம். மொத்தமாகப் பார்த்தால் இரு குழுவுக்கும் இடையே புள்ளியியல் பொருட்படுத்தும் வேறுபாடு கிடைக்கவில்லை. விளையாட்டு வீரர் அல்லாதவர்களை மட்டும் பிரித்துப் பார்த்தபோது ரத்த அளவில் ஓர் உயர்வு தெரிந்தது. இதை ஒதுக்கித் தள்ளக்கூடாது. ஆனால் இருபத்தைந்து பேரை இரண்டாகப் பிரித்து, பிறகு இன்னும் இரண்டாகப் பிரித்தால் ஒரு கூறில் எத்தனை பேர் மிஞ்சுவார்கள் என்பதையும் மறக்கக்கூடாது. அதே ஆண்டில் ‘நியூட்ரியன்ட்ஸ்’ இதழில் இந்த ஆய்வுகளையெல்லாம் அலசிய ஜெர்மானிய ஆய்வாளர்கள், தோல் வழி மெக்னீசியத்தைப் பரிந்துரைக்க அறிவியல் ஆதாரம் போதாது என்று முடித்தார்கள். அவர்கள் மெக்னீசியத்தின் எதிரிகள் அல்லர். வாய்வழி மெக்னீசியத்தை ஆதரித்துப் பல கட்டுரை எழுதியவர்கள் என்பதால் அந்த முடிவுக்குக் கூடுதல் எடை தரலாம்.

நிக்கோடின் பட்டை, நெஞ்சுவலிக்கான நைட்ரோகிளிசரின் பட்டை, புற்றுநோய் வலிக்கான ஃபென்டனில் பட்டை எல்லாம் தோல் வழியாகத்தானே வேலை செய்கின்றன என்பது அடுத்த மறுப்பு. செய்கின்றன. அவை மூன்றும் கொழுப்பில் கரையக்கூடிய சிறு மூலக்கூறுகள். அதைவிட முக்கியம், மிகச் சொற்ப அளவிலேயே வேலை செய்பவை. ஃபென்டனிலின் அளவை மணிக்கு இத்தனை மைக்ரோகிராம் என்றுதான் குறிப்பிடுவார்கள். பெரிய நிக்கோடின் பட்டையே நாள் முழுக்கத் தருவது 21 மில்லிகிராம். நூற்றுக்கணக்கான மில்லிகிராம் தேவைப்படும் ஓர் உப்பை, மருந்து நிறுவனம் எதுவும் பட்டையில் அடைக்காமல் விட்டதற்குக் காரணம் சதி இல்லை, கணக்குதான்.

‘அதெல்லாம் இருக்கட்டும், எனக்குக் கேட்கிறதே’ என்பது எல்லா மறுப்பிலும் கடினமானது. அதைக் கேலி செய்வதில் பொருளில்லை. இரவில் காலைப் பிடித்துக் கெண்டைச் சதையை ஐந்து நிமிடம் தேய்த்து நீவிவிட்டால் சுகமாகத்தான் இருக்கும். பாட்டிலில் வெறும் தண்ணீர் இருந்தாலும் இருக்கும். தசைப்பிடிப்பு வரும், தானே போகும், மோசமான வாரத்துக்குப் பிறகு நல்ல வாரம் வரும். மோசமான வாரத்தில்தான் ஸ்ப்ரே வாங்குகிறோம். இதைவிட ஸ்ப்ரேக்குச் சங்கடமான சேதி ஒன்று உண்டு. வாய்வழியாகவும் நரம்புவழியாகவும் மெக்னீசியம் கொடுத்து நடந்த தசைப்பிடிப்பு ஆய்வுகளைத் தொகுத்த காக்ரேன் மதிப்பீடு, 2020இல் புதுப்பிக்கப்பட்டபோதும், முதியவர்களின் தசைப்பிடிப்பை மெக்னீசியம் குறிப்பிடத்தக்க அளவு குறைப்பதாகத் தெரியவில்லை என்றே சொன்னது. நரம்பில் ஏற்றியும் தெளிவாக நிற்காத ஒன்று, தோலில் பத்து அழுத்து அடித்து நின்றது என்றால், நிறுத்தியது மெக்னீசியமாக இருக்க வாய்ப்புக் குறைவு.

அடித்தவுடன் சுருசுருவென்று எரிகிறது, அரிக்கிறது என்பார்கள். உடம்பில் மெக்னீசியம் எவ்வளவு குறைவோ அவ்வளவு எரியும் என்று அதற்கு ஒரு விளக்கமும் சொல்லிவிடுவார்கள். மேலே சொன்ன கரைசலின் சவ்வூடு அழுத்தம் ரத்தத்தைப்போல் முப்பது மடங்குக்கும் மேல். சவரம் செய்த காலில், கீறலில், வெடிப்பில் அது பட்டால் நரம்பு முனைகள் எரியத்தான் செய்யும். புண்ணில் உப்பு வைத்தால் எரிவதற்கு யாரும் சோடியம் பற்றாக்குறையைக் காரணம் சொல்வதில்லை. சில நாளில் எரிச்சல் குறைவது தோல் பழகிக்கொள்வதால் இருக்கலாம், பழக்கத்தில் குறைவாக அடிப்பதால் இருக்கலாம். குறை நிரம்பியதற்கு அடையாளமாக அதை எடுத்துக்கொள்ள எந்த அளவீடும் துணை நிற்கவில்லை.

உடம்புக்குள் போகாது என்பதால் தோலுக்கும் பயனில்லை என்று முடிவுகட்டுவது எதிர்ப்பக்கத்தின் அவசரம். ஜெர்மனியின் கீல் நகர ஆய்வாளர்கள் 2005இல் வெளியிட்ட ஆய்வில், வறண்ட ஒவ்வாமைத் தோல் உள்ளவர்கள் ஒரு முன்கையை 5 விழுக்காடு சாக்கடல் உப்புக் கரைசலிலும் மறு முன்கையைக் குழாய்த் தண்ணீரிலும் கால் மணி நேரம் வைத்து ஆறு வாரம் வந்தார்கள். உப்பில் வைத்த கையில் வறட்சியும் சிவப்பும் குறைந்தன, தடுப்பு அடுக்கு வலுப்பட்டது. அழகான அமைப்பு அது: அதே ஆள், அதே காலம், இரண்டு கை. உப்பு ரத்தத்தில் கலந்து வேலை செய்திருந்தால் தண்ணீர்க் கையும் சேர்ந்தே தேறியிருக்கும். கவனிக்கவேண்டியது, அது 5 விழுக்காடு. ஸ்ப்ரேயில் இருப்பது எடைக்கு எடை. வறண்ட தோலுக்கு நீர்த்த குளியல் இதமாகலாம், செறிந்த ஸ்ப்ரே எரிச்சலாகலாம். சில மருத்துவமனைகளில் ஊசி ஏற்றிய இடம் வீங்கினால் மெக்னீசியம் சல்ஃபேட்டையும் கிளிசரினையும் குழைத்துக் கட்டுப் போடுகிறார்களே, அதுவும் உப்பு தோலுக்குள் இறங்கும் என்ற கணக்கில் இல்லை. செறிந்த உப்பு நீரைத் தன்பக்கம் இழுத்து வீக்கத்தைக் குறைக்கும் என்பதே அங்கே கணக்கு.

ஆகவே தேய்த்துவிட ஒரு வழுவழுப்பான கரைசல் வேண்டும் என்பவர் இதைச் செய்துகொள்வதில் தப்பில்லை, சில விவரங்களைப் பார்த்துக்கொண்டால் போதும். அழகுசாதனத் தரத்திலோ மருந்துத் தரத்திலோ விற்கும் செதிலை வாங்கவேண்டும். சாலையில் பனி உருக்கவும் புழுதி அடக்கவும் மூட்டையில் வரும் தொழிற்சாலைத் தரத்தில் வேறு என்ன கலந்திருக்கும் என்பதற்கு யாரும் பொறுப்பேற்பதில்லை. நீரற்ற தூளாக வரும் மெக்னீசியம் குளோரைடை எடுக்கக்கூடாது. தண்ணீர் பட்டதும் அது சூடாகிக் கொதித்துத் தெறிக்கும். அலுமினியம், இரும்புப் பாத்திரம் வேண்டாம், குளோரைடு அரிக்கும். கண்ணாடியோ பிளாஸ்டிக்கோ நல்லது. போர்வெல் தண்ணீர் கலங்கலாகிவிடக்கூடும், பேட்டரிக்கு ஊற்றும் வாலை வடிநீர் தெளிவாக இருக்கும், அல்லது ஆர்.ஓ. தண்ணீரைக் கொதிக்கவைத்து எடுத்துக்கொள்ளலாம். செறிந்த உப்பில் கிருமி எளிதில் வளராது என்பதால் கரைசல் தனியாக நீண்ட நாள் நிற்கும். மணத்துக்குப் பன்னீர், குளிர்ச்சிக்குக் கற்றாழைச் சாறு என்று சேர்த்து நீர்த்தால் அந்தப் பாதுகாப்பு போய்விடும். சிறிதாகச் செய்து, குளிர்பதனப் பெட்டியில் வைத்து, சீக்கிரம் தீர்த்துவிடவேண்டும். எரிந்தால் பாதிக்குப் பாதி தண்ணீர் சேர்க்கலாம், இருபது நிமிடத்தில் கழுவிவிடலாம். கழுவினால் பயன் போய்விடுமோ என்ற கவலை வேண்டாம். கண், உதடு, புண், எக்சிமா வெடிப்பு இருக்கும் இடங்களில் அடிக்கக்கூடாது. தடுப்பு அடுக்கு உடைந்த தோலில் மேலே சொன்ன கணக்கு செல்லாது என்பதால், உள்ளே போனதைக் கழித்துவிட முடியாத சிறுநீரகச் செயலிழப்பு உள்ளவர்கள் இதை விட்டு விலகியிருப்பதே புத்தி.

மெக்னீசியம் உண்மையிலேயே குறைந்திருப்பவர்களுக்கு ஸ்ப்ரே செய்யும் தீங்கு, வேண்டிய வழியைத் தள்ளிப்போட வைப்பது. நெஞ்செரிச்சலுக்கு ஒமிப்ரசோல் வகை மாத்திரையை வருடக்கணக்கில் விழுங்குவோருக்கு ரத்தத்தில் மெக்னீசியம் குறையலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2011லேயே எச்சரித்தது. நம் ஊரில் அந்த மாத்திரை மிட்டாய்போலப் புழங்குகிறது. சிறுநீர் பெருக்கி மாத்திரை, கட்டுப்படாத சர்க்கரை, குடி, நாட்பட்ட வயிற்றுப்போக்கு ஆகியவையும் அதே வேலையைச் செய்யும். இவர்கள் மருத்துவரிடம் ரத்த அளவு பார்க்கச் சொல்லிக் கேட்கவேண்டும், மருந்தை மாற்றமுடியுமா என்றும் கேட்கவேண்டும். மற்றவர்களுக்குத் தட்டில் இருக்கிறது விடை: தீட்டிய பச்சரிசி 100 கிராமில் மெக்னீசியம் 20 மில்லிகிராம் அளவுக்குத்தான், கேழ்வரகில் 140க்கு மேல், எள்ளில் 350க்கும் மேல். அரிசியைத் தீட்டும்போது தவிட்டோடு போய்விடுவதில் இதுவும் ஒன்று. மாத்திரை வயிற்றைக் கலக்குகிறது என்ற குறை நியாயமானதுதான், பேதியுப்பு என்று பெயர் வந்ததே அதனால்தான். ஆனால் ஆக்சைடைவிட சிட்ரேட் நன்றாகக் கரையும், சிறு சிறு அளவாகப் பிரித்துச் சாப்பாட்டோடு எடுத்தால் பலருக்குத் தொல்லை இருப்பதில்லை.

இந்த வழக்கை ஒரேயடியாகத் தீர்க்கும் கருவியும் கையிலேயே இருக்கிறது. இயற்கையில் கிடைக்கும் மெக்னீசியத்தில் ஏறத்தாழ 79 விழுக்காடு 24 எடையுள்ள அணுக்கள், 10 விழுக்காடு 25, மீதி 11 விழுக்காடு 26. மூன்றும் கதிரியக்கம் இல்லாதவை, உடம்புக்குத் தீங்கு செய்யாதவை. உணவில் 26ஐ மட்டும் செறிவாக்கிக் கொடுத்து, ரத்தத்திலும் சிறுநீரிலும் அது எவ்வளவு வருகிறது என்று எண்ணித்தான் குடல் உறிஞ்சும் அளவைக் கண்டுபிடித்தார்கள். அதே 26 சேர்ந்த குளோரைடைக் கரைத்து நூறு பேரின் கால்களில் அடித்து, கை வழியாக வாய்க்குப் போகாதபடி துணி சுற்றி, ஒரு வாரச் சிறுநீரை முழுதாகச் சேகரித்து அளந்தால், போகிறதா என்ற கேள்விக்கும் எத்தனை மில்லிகிராம் என்ற கேள்விக்கும் ஒரே எண்ணாகப் பதில் கிடைக்கும். பாட்டிலுக்கு வெளியே ‘விரைவாக உறிஞ்சப்படும்’ என்று அச்சடிக்கிறவர்கள்தான் அந்தச் செலவை ஏற்கவேண்டியவர்கள்.